பிள்ளையார்பாளையம் காணாத பூச்சி

விடியற்காலையில் தெருநீளம் பாவை நீட்டிக் கஞ்சியிடும் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளைய நெசவாளரில் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாகத் தம் ஜீவனத்துக்கு ஆதாரமாக விளங்கிவரும் பட்டுப்பூச்சியைக் கண்ணால் கண்டதில்லை. ஏனெனில் காஞ்சி நெய்யும் ஊரேயன்றி, முசுக்கொட்டை பயிரிட்டுப் புழு வளர்க்கும் ஊரன்று. ஜரிகை சூரத்திலிருந்து வருவதுபோல், பட்டு நூலும் கன்னட நாட்டிலிருந்தே பெரும்பாலும் வந்து சேர்கிறது.

அப்பூச்சியின் பூர்வ சரித்திரம் சீன தேசத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் காட்டினம் ஒன்றைப் பிடித்து வளர்க்கத் தொடங்கிய சீனர், காலப்போக்கில் அதன் சுபாவத்தையே மாற்றிவிட்டனர். வெண்சிறகுகள் இருந்தும் அது பறப்பதில்லை. வாயுறுப்புகள் குறுகிப் போனமையால் உண்பதுமில்லை. புழுவாயிருந்தபோது தின்ற இலையே ஆயுளுக்கெல்லாம் ஆகாரமாக, சில தினங்களில் இணைந்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு மடிகிறது. பெண் பூச்சி ஆணை அழைக்கும் வாசனைப் பொருளை 1959இல் பூட்டெனான்ட் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் பிரித்தெடுத்தார். மிகச் சிறிதளவு கிடைப்பதற்கே சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன.

தமிழர் பட்டுடுத்தியமைக்குப் பட்டினப்பாலையே சான்று. ஆயினும் மைசூர் ராஜ்யத்தில் புழு வளர்ப்பு வேரூன்றியது, திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து வித்து வருவித்துப் பரப்பிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சீதள தேசத்து முட்டைகள் குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடக்க, மைசூர் இனமோ நம் வெப்பத்தில் ஓய்வின்றி வருஷத்துக்குப் பல தலைமுறை காண்பது.

நான்கு முறை தோலுரித்து வளர்ந்த புழு, பசைபூசிய ஒரே இழையைப் பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறாமல் சுற்றிக் கூடு கட்டுகிறது. உள்ளிருந்து பூச்சி வெளிப்பட்டால் கூடு துளைபட்டு இழை அறுந்துவிடும். ஆதலால் வித்துக்கென ஒதுக்கியவை நீங்கலாக, மற்றவற்றை வெப்பத்தாலோ நீராவியாலோ கொன்றுவிடுகிறார்கள். இவ்வுயிர்வதையைக் கருதியே காமகோடி பீடாதிபதி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டை விலக்குமாறு உபதேசித்தார். பட்டுக்கே பேர்போன நகரின் மடாதிபதி கூறிய அந்த ஆக்ஷேபத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கோர்வையிட்டுக் கரையும் உடலும் இணைக்கும் அபூர்வ வித்தையை இழக்கவும் மனம் ஒப்பவில்லை. துளைபட்ட கூடுகளையும் பஞ்சுபோல் நூற்று நெய்யலாம். ஆனால் அறாத இழைக்குரிய பளபளப்பு அதில் அமைவதில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டாரோ முதலில் அந்தப் பளபளப்பையே பார்க்கிறார்கள்.