முதல் வகுப்பின் மொழி: சவரப் பாடநூல்கள் காட்டும் வரலாறு

1. முன்னுரை

பள்ளிக்கு வரும் குழந்தை மொழியற்று வருவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் தானாகப் பெற்ற ஒரு மொழியின் ஒலியமைப்பும் தொடரமைப்பும் அதனுடன் வருகின்றன. ஆசிரியரின் மொழி வேறாயின், புதிய இடம், புதிய மனிதர், எழுத்து, அயல்மொழி ஆகிய நான்கையும் அக்குழந்தை முதல் வகுப்பில் ஒருங்கே எதிர்கொள்ள நேர்கிறது. அந்நிலையில் அது காக்கும் மௌனம் அறிவுக் குறைவாகக் கொள்ளப்படுவதும் உண்டு. இச்சிக்கலைத் தீர்க்க இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் சவர மொழிப் பாடநூலாக்கம் குறிப்பிடத்தக்கது. அதன் வரலாறு இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

2. கிடுகு ராமமூர்த்தியின் பணி

கிடுகு வெங்கட ராமமூர்த்தி (1863-1940) 1880இல் பர்லாகிமிடியில் ஆசிரியப் பணி ஏற்றார். அவ்வூர் அப்போது சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அதனைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்த சவரரின் மொழி முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது. சமவெளியில் வழங்கிய தெலுங்கு திராவிட மொழி. ஒடியா இந்தோ-ஆரிய மொழி. ஆகவே சவரக் குழந்தைக்குப் பள்ளிமொழி எதுவாயினும் அது வேற்றுக் குடும்பத்து மொழியே.

ராமமூர்த்தி முதலில் சவர மொழியைத் தாம் கற்றார். பின்னர்த் தெலுங்கு எழுத்தில் அம்மொழிக்குப் பாடநூல்கள் எழுதினார். கதைகளையும் பாடல்களையும் தொகுத்தார். தம் பொருளைச் செலவிட்டுச் சவரச் சிறுவர்க்குப் பள்ளிகள் நடத்தினார். அவருடைய சவர இலக்கண நூல் 1931இலும் சவர-ஆங்கில அகராதி 1938இலும் வெளிவந்தன. பாடநூல் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்னும் இவ்வரிசை ஈண்டு நோக்கத்தக்கது. தெலுங்கிலும் பேச்சுவழக்கையொட்டிய உரைநடையே பாடநூலில் இடம்பெற வேண்டும் என்று அவர் வாதிட்டார். கற்பவர் அறிந்த மொழியிலிருந்து கற்பித்தல் தொடங்க வேண்டும் என்பதே இவ்விரு பணிகளுக்கும் பொதுவான அடிப்படை எனலாம்.

3. மொழியமைப்பும் பாடநூலும்

சவரத்தில் குரல்வளை அடைப்பொலி உண்டு. தெலுங்கு நெடுங்கணக்கில் அதற்குரிய எழுத்து இல்லை. மேலும், செயப்படுபொருட் பெயர் சுருங்கி வினைச்சொல்லுக்குள் அடங்குதல் சவரத்தின் சிறப்பியல்பு. தெலுங்கில் தனித்தனிச் சொற்களாக நிற்பவை சவரத்தில் ஒரே சொல்லாக அமையக்கூடும். எனவே தெலுங்குப் பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது சவரக் குழந்தையின் பேச்சாகாது. முதற்பாடம் மூலமொழியிலேயே உருவாதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்வது இன்றியமையாதது.

4. பிற்கால வளர்ச்சி

1936இல் ஒரிசா தனி மாகாணமானபோது பர்லாகிமிடி அதனுடன் சேர்க்கப்பட்டது. சவரர் இரு மாகாணங்களில் பிரிந்து வாழும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டில் மங்கேய் கமாங்கோ சவரத்திற்கெனச் சொராங் சொம்பெங் என்னும் எழுத்தை உருவாக்கினார். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதிகள் அளிக்கப்பட வேண்டும் என்பது 1956இல் அரசியலமைப்பின் 350அ பிரிவாக இடம்பெற்றது. எனினும் ஆந்திரப் பிரதேசம் 2004இல் எட்டுப் பழங்குடி மொழிகளிலும், ஒடிசா 2007இல் பத்து மொழிகளிலும் தொடங்கிய பன்மொழிக் கல்வித் திட்டங்களிலேயே சவரம் அரசுப் பள்ளியின் முதல் வகுப்பில் முறையாக இடம்பெற்றது. ஒன்றில் தெலுங்கு எழுத்தும் மற்றொன்றில் ஒடியா எழுத்தும் பயன்பட்டன. இதனால் ஒரே மொழியின் பாடநூல், எல்லைக்கு அப்பாலுள்ள குழந்தைக்குப் படிக்க இயலாததாயிற்று.

5. முடிவுரை

வீட்டுமொழியில் தொடங்கிப் பள்ளிமொழிக்குப் படிப்படியாகச் செல்லுதலே இத்திட்டங்களின் நெறி. இதற்குப் பாடநூல் மட்டும் போதாது; குழந்தையின் விடையைப் புரிந்துகொள்ளும் ஆசிரியரும் வேண்டும். பாடநூல் எழுதுவதற்கு முன் ராமமூர்த்தி தாமே மாணவராகிச் சவரம் கற்றார் என்பது இவ்வரலாறு உணர்த்தும் முதன்மையான செய்தியாகும்.