தங்காலமலையும் ஐந்து கருட சேவையும்

சிவகாசியை அடுத்த திருத்தங்கலில், கரிசல் சமவெளியில் தனித்து எழும் சிறு குன்று தங்காலமலை. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய நின்ற நாராயணப் பெருமாளும், சிவபெருமானாகிய கருநெல்லிநாதரும் இந்த ஒரே குன்றில் கோயில் கொண்டுள்ளனர். மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்க, உழவரின் வயலுக்கு அருகிலேயே அமைந்த மலைத்தலம் இது. சுற்றியுள்ள மண்ணோடும் ஊர்களோடும் கொண்ட உறவுதான் இம்மலையின் பெருமை என்பது என் துணிபு.

அவ்வுறவின் தொன்மைக்குச் சிலப்பதிகாரம் சான்று. மதுரைக் காண்டத்தின் கட்டுரை காதையில் வரும் பராசரன் என்னும் அந்தணன், சேரனிடம் பெற்ற பரிசிலோடு திரும்பும் வழியில், திருத்தங்கலின் பழம்பெயரான தங்காலில் இளைப்பாறுகிறான். தன்னோடு சேர்ந்து பிழையின்றி மறை ஓதிய சிறுவனுக்கு அணிகலன்களை அளிக்கிறான். அதைத் தவறாகக் கருதிய காவலர்கள் சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையிட, கொற்றவையாகிய ஐயையின் கோயில் கதவு அடைபட்டுப்போகிறது. பிழையை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் கொடையாக வழங்குகிறான். குடிக்கு நேர்ந்த அநீதியைத் தெய்வம் பொறுக்காது என்னும் நம்பிக்கை இவ்வூரின் பெயரோடு அன்றே இணைந்துவிட்டது.

இன்றும் அவ்வுறவு விளங்கித் தோன்றுவது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூர உற்சவத்தின் ஐந்தாம் திருநாளில். அன்று திருத்தங்கல் அப்பனாகிய நின்ற நாராயணப் பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். செண்பகத்தோப்பு வனத்திலிருந்து காட்டழகர் சுந்தரராஜப் பெருமாளும், அவ்வூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலைக் குன்றிலிருந்து சீனிவாசப் பெருமாளும் வருகின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரிய பெருமாள், ரெங்கமன்னாரோடு சேர்ந்து ஐவரும் கருட வாகனத்தில் காட்சி தர, பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்கிறார். பாண்டியன் அவையில் பொற்கிழி பெற்று யானைமேல் வந்த ஆழ்வார், கருடன்மீது தோன்றிய பெருமாளைக் கண்டு பல்லாண்டு பாடினார் என்பது வைணவ மரபு. தங்காலமலைக் கோயிலில் கருடாழ்வார் அமிர்த கலசமும் நாகமும் ஏந்தி, நான்கு கைகளோடு நிற்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

விழாக்களின் காலம் வேளாண்மையின் காலமும் ஆகும். பெருமாளுக்குரிய புரட்டாசிச் சனிக்கிழமைகளின்போதுதான் கரிசல் உழவர் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரி விதைப்பில் இறங்குகின்றனர். பருத்தியும் சோளமும் கம்பும் சம்பா மிளகாயும் இம்மண்ணின் விளைச்சல். பனை தரும் கருப்பட்டி வீட்டுக்கு. அதன் மரமும் ஓலையும் கார்த்திகைச் சொக்கப்பனைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உழவைச் சோதிக்கும் இதே வறண்ட வெயில்தான், 1923இல் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கும் பின்னர் பட்டாசுக்கும் துணையாயிற்று.

2021இல் திருத்தங்கல் நகராட்சி சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. நிர்வாக எல்லை மாறினாலும் வழிபாட்டு உரிமைகள் மாறுவதில்லை. ஆயினும் யார் எந்த மண்டகப்படிக்கு உரியவர், எந்த நாளில் எந்த நைவேத்தியம் என்பன பெரும்பாலும் முதியோரின் நினைவிலேயே வாழ்கின்றன. அவற்றை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைப்பதும், மானாவாரி விதைகளைக் காப்பதும் இத்தலைமுறையின் கடமை. விளைச்சல் இல்லாத ஊரில் விழா வெறும் காட்சியாகிவிடும். உழவரும் தொழிலாளரும் உரிமையோடு பங்கேற்கும்வரை அது ஊரின் வாழ்வாகவே இருக்கும்.