ஏரி வடிந்த கதையும் மண் தரும் சான்றும்

இமயத்தின் மடியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் பரந்து கிடப்பது காஷ்மீரப் பள்ளத்தாக்கு. நாற்புறமும் மலை, நடுவே ஜீலம் ஆறு, ஸ்ரீநகரை ஒட்டித் தால் ஏரி. இந்நாடு முழுவதும் முன்னொரு காலத்தில் ஒரே ஏரியாக இருந்தது என்கிறது நீலமத புராணம்.

சதிசரஸ் என்னும் அவ்வேரியில் ஜலோத்பவன் என்னும் அரக்கன் ஒளிந்து வாழ்ந்தான். நீர் உள்ளவரை அவனுக்கு அழிவில்லை. காசிபர் வேண்ட, திருமாலின் ஏவலால் மலை கலப்பையால் பிளக்கப்பட்டது. நீர் வடிந்தது, அரக்கன் மாண்டான், நிலம் மக்களுக்கு உரியதாயிற்று. கி. பி. 12-ஆம் நூற்றாண்டில் ராஜதரங்கிணியை இயற்றிய கல்கணரும் ஏரி வடிந்த செய்தியைத் தம் நூலின் தொடக்கத்திலேயே கூறுகிறார்.

இது வெறுங் கற்பனையா? அன்று என்கிறது நிலவியல். பீர் பஞ்சால் மலைத்தொடர் உயர்ந்தெழுந்தபோது ஆறுகளின் வழி அடைபட்டுப் பேரேரி ஒன்று தோன்றியது. பின்னர்ப் பாரமுல்லாவின் அருகே ஜீலம் வழி அறுத்துக்கொண்டு வெளியேறியது. அவ்வேரியின் அடியில் படிந்த களிமண்ணும் மணலும் இன்று மேடுகளாக நிற்கின்றன. கரேவா எனப்படும் அம்மேடுகளில் நன்னீர்ச் சிப்பிகள் கிடைக்கின்றன. பாம்பூரில் குங்குமப்பூ விளைவதும் இம்மண்ணிலேதான்.

அவ்வாறாயின், ஏரி வடிந்ததைக் கண்ட மக்களின் நினைவே புராணமாயிற்று எனலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

தால் ஏரிக்கு மேலே, 1,800 மீட்டர் உயரமுள்ள கரேவா மேட்டில் புர்சஹோம் என்னும் ஊர் உள்ளது. 1935-இல் டி டெர்ரா, பாட்டர்சன் என்னும் இரு அறிஞர் அங்குத் தோண்டிப் பார்த்தனர். 1960 முதல் 1971 வரை இந்தியத் தொல்லியல் துறை விரிவாக அகழ்ந்தது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு மக்கள் குடியேறினர் என்பது தெளிவாயிற்று. மண்ணில் அவர்கள் வெட்டிய குழிகளுள் மிகப் பெரியது 3.96 மீட்டர் ஆழம் உடையது, வாய் 2.74 மீட்டர், அடி 4.57 மீட்டர் அகலம். பனிக்கு அஞ்சி அமைத்த வீடுகள் என்பர் சிலர். பண்டம் சேமித்த இடங்கள் என்பர் வேறு சிலர். எலும்பால் ஊசியும் மீன் குத்தும் ஈட்டியும் செய்தனர். நாய்களையும் அடக்கம் செய்தனர். சுமார் 950 மணிகள் நிறைந்த பானை ஒன்றும் கிடைத்தது. சிந்துவெளி நிலத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததை அது காட்டுகிறது.

இம்மக்கள் குடியேறிய மேடே பழைய ஏரியின் அடிமண். அஃதாவது, அவர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேரேரி வடிந்துவிட்டது. ஆகவே புராணம் கண்டவர் சொல் அன்று. மேட்டில் சிப்பி கிடக்கக் கண்ட பிற்காலத்தார் அறிவால் ஊகித்ததாக இருத்தல் கூடும். ஏரி இருந்தது மெய். கதையைச் சாட்சியாகக் கொள்வது தவறு.

புர்சஹோமில் பிற்காலத்தார் நட்ட நெடுங்கற்களும் உள்ளன. தமிழகத்திலும் நெடுங்கற்கள் உண்டு. நம் நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றங்கரைப் பெங்காலான் கெம்பாசிலும் உண்டு. கல் நட்டவர் எல்லாரும் ஓரினத்தார் என்று இதனால் துணிதல் ஆகாது. மாண்டாரை மறவாதிருக்க எண்ணும் உள்ளம் எங்கும் ஒன்றாக இருக்கலாம்.

இவ்வளவுகோலை நம் இலக்கியத்திற்கும் வைத்துப் பார்த்தல் வேண்டும். தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. பனியூழியின் இறுதியில் உலகெங்கும் கடல் உயர்ந்தது உண்மை. எனினும், அவ்வுண்மை ஒன்றே அந்நகரங்களுக்குச் சான்றாகிவிடாது. கதையைக் கதையாகவும், சான்றைச் சான்றாகவும் மாணவர்க்குப் பிரித்துக் காட்டுவதால் தமிழின் பெருமை குறையாது. ஆதிச்சநல்லூரும் கீழடியும் போல் மண்ணிலிருந்து எழுந்த சான்றுகள் நமக்கு உள. மெய்யின்மேல் நிற்கும் பெருமையே நிலைக்கும்.