சூள் பிழைத்த தொண்டர்

சைவ அடியார்களின் பெயர்களை முதன்முதலில் நிரல்படத் தொகுத்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். பல்லவர் காலத்தவரான இவர் பாடிய திருத்தொண்டத்தொகையில் தனியடியார் 60 பேரும் தொகையடியார் 9 கூட்டத்தாரும் இடம் பெற்றனர். பின்னர் நம்பியாண்டார் நம்பி சுந்தரரையும் அவர்தம் பெற்றோரையும் சேர்க்கவே நாயன்மார் 63 ஆயினர். இத்துணைத் தலைமை வாய்ந்தவர் ஒரு பெண்ணுக்குச் செய்து கொடுத்த சூளை மீறினார், அதனால் கண்ணிழந்தார். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதனை மறைத்தாரல்லர்.

திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். பிரியாமல் உடனிருப்பதாகச் சூளுரைத்தால்தான் மணம் கைகூடும் என்ற நிலை ஏற்பட்டது. பல தலங்களுக்கும் சென்று பாடுபவருக்கு அஃது எவ்வாறு இயலும்? சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்தார். சூளுரைக்கும்போது திருமுன்னை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்தார், ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சூள் பெறுமாறு கூறிவிட்டார்! வஞ்சிக்க நினைத்தவர் வேறு வழியின்றி மகிழை வலம் வந்து வாக்களித்தார்.

வசந்தவிழாக் காலம் வந்தது. ஆரூர் நினைவு மேலிட்டது. ஒற்றியூர் எல்லையைக் கடந்தவுடனே இரு கண்களும் ஒளி இழந்தன. தனித்து விடப்பட்ட சங்கிலியாரின் துயரத்தைச் சேக்கிழார் இன்னும் விரித்துப் பாடியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கொடுமைக்கு ஆளானவர் அவரே அன்றோ?

கண்ணிழந்த நிலையில் திருவெண்பாக்கத்தில் சுந்தரர் பாடிய பதிகம் ஊன்றிப் படிக்கத் தக்கது. (அப்பழைய தலம் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துள் மறைந்தது, கோயில் பூண்டியில் எடுத்துக் கட்டப்பட்டது.) செய்யும் பிழையை இறைவன் பொறுத்துக்கொள்வான் என்ற துணிவிலேதான் பிழை செய்ததாக அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். மன்னிப்பை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு செய்த குற்றம் அது. பெரியோரும் தவறினர், மன்னிக்கப்பட்டனர் என்று ஆறுதல் கொள்வோர் இவ்விடத்தைத் தாண்டிச் செல்லுதல் ஆகாது. அங்கு அவருக்குக் கிடைத்தது பார்வையன்று, ஊன்றுகோல் ஒன்றே. அதைப் பற்றிக்கொண்டு நடந்து காஞ்சியில் இடக்கண்ணும், பின்னர்த் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

கண் வந்தபின் எல்லாம் சீராகிவிடவில்லை. பரவையார் ஊடிக் கதவடைத்தார். ஊடல் தணிக்கச் சுந்தரர் இறைவனையே நள்ளிரவில் தூது அனுப்பினார். இதைக் கேட்டுப் பொங்கியெழுந்தவர் திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர். பெண்ணொருத்தியின் பொருட்டு ஆண்டவனை ஏவியவனும் ஒரு தொண்டனா என்பது அவருடைய கேள்வி. நேர்மையான கேள்விதான். சுந்தரரும் சினந்தாரல்லர், தம் பிழையை உடன்பட்டு இறைவனிடம் முறையிட்டார். சங்கிலியார் மணம் தொடங்கிக் கண் பெற்றது வரையிலான செய்திகளைச் சேக்கிழார் வைத்துப் பாடியிருப்பதும் இந்தக் கலிக்காமரின் புராணத்துக்குள்ளேதான். குற்றம் செய்தவரின் கதை அவரைக் கடிந்தவரின் பெயரால் வழங்குகிறது.

கலிக்காமருக்குக் கொடிய சூலைநோய் உண்டாயிற்று. சுந்தரர் வந்தால்தான் தீரும் என்று இறைவன் உணர்த்தியபோது, அவர் கையால் நலம் பெறுவதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அவ்வேளையில் சுந்தரர் வந்துவிட்டார். கணவர் உறங்குகிறார் என்று சொல்லுமாறு மனைவியார் ஏவலரைப் பணித்தார். சுந்தரரோ காணாமல் அமையேன் என்று உள்ளே சென்றார். குருதியில் கிடந்த உடலைக் கண்டு, தாமும் உடன் மாய்வதாக அதே வாளைப் பற்றினார். இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் விரைந்து அவ்வாளைப் பிடித்துக்கொண்டார். சுந்தரர் அவர் காலில் விழுந்தார். வாளை எறிந்துவிட்டு அவரும் சுந்தரர் காலில் விழுந்தார். பின்பு இருவரும் சேர்ந்து திருப்புன்கூர் சென்று வழிபட்டுத் திருவாரூருக்குப் புறப்பட்டனர்.