தற்சுட்டுப் பெயர் (செயப்படுபொருள்)

எழுவாயையே மீண்டும் சுட்டும் பதிலிப்பெயர். தமிழில் படர்க்கைக்கு மட்டுமே இதற்குத் தனி வடிவம் உண்டு: தான், தாம், தாங்கள். இரண்டாம் வேற்றுமையில் இவை தன்னை, தம்மை, தங்களை என வரும். தன்மை, முன்னிலைக்கு என்னை, உன்னை ஆகிய வழக்கமான வடிவங்களே போதும். ‘கொள்’ என்னும் துணைவினை, செயல் செய்தவரிடமே திரும்புவதைக் காட்டும்: ‘நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்’.

ஆங்கிலத்தில் மூவிடத்துக்கும் ‘மைசெல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’ போன்ற தனி வடிவங்கள் உண்டு. செயப்படுபொருளாக வரும்போது அவை பொதுவாகத் தம் வாக்கியப் பகுதியின் எழுவாயையே குறிக்கும். ‘தன்னை’ அந்த எல்லையைத் தாண்டும்: ‘ராஜா தன்னைப் புகழ்ந்தான் என்று குமார் சொன்னான்’ என்பதில் புகழப்பட்டவன் குமார் ஆகலாம். ‘புகழ்ந்துகொண்டான்’ என்றால் ராஜாவே. புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1989இல் வெளியிட்ட தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூல் இவ்வடிவங்களை விளக்குகிறது.