மஞ்சள் அட்டைக்கு முன்னால் நடந்த பேரம்



1986இல் முதல் மஞ்சள் அட்டை கைக்கு வந்தபோது அதை அரசாங்கம் சும்மா தந்த ஒன்றென்றுதான் நினைத்தேன். வைத்தியரிடம் போனேன், காசு கேட்கவில்லை, வந்துவிட்டேன். அதற்குப் பின்னால் இருந்த இழுபறியைப் பிறகு வேலைத்தலத்தில் ஒரு வயதான டெனிஷ்காரர்தான் சொன்னார்.

1933 ஜனவரி. காப்புறுதி செய்திருந்த தொழிலாளரில் ஏறத்தாழ 40 வீதமானோருக்கு வேலையில்லை. இருந்தவர்களின் சம்பளத்தையும் குறைக்கவேண்டுமென்று முதலாளிமார் நின்றார்கள். விவசாயிகளின் பன்றி இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் விலை விழுந்துவிட்டது. பிரதமர் ஸ்ரவுனிங், கோபன்ஹேகனில் கன்ஸ்லர்கேட வீதியிலிருந்த தன் வீட்டில் கட்சித் தலைவர்களை இருத்திப் பேசினார். ஜனவரி 30இல் உடன்பாடு வந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் பதவியேற்றதும் அதே நாள்தான்.

விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ர கேட்டது குறோணரின் மதிப்பிறக்கம், அது கிடைத்தது. தொழிலாளருக்குச் சம்பள உடன்படிக்கை நீடிக்கப்பட்டது, அரசு செலவில் வேலைகளும் தொடங்கப்பட்டன. கூடவே அமைச்சர் ஸ்ரைன்கவின் சமூகச் சீர்திருத்தம். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்டவர்களே தங்கள் பங்கு கிடைத்ததும் வழிவிட்டார்கள். நோய்க்கான செலவும் வேலையும் ஒரே மேசையில் பேசித் தீர்க்கப்பட்டன.

ஸ்ரைன்கவின் சட்டங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதுவரை ஏழைகளுக்கான உதவிப் பணம் எடுத்தவர் வாக்குரிமையை இழந்தார். 1933க்குப் பிறகு பெரும்பாலான உதவிகள் அதிகாரியின் தயவு அல்ல, சட்டம் குறித்த உரிமை. சிலருக்கு அந்தத் தண்டனை தொடரத்தான் செய்தது. முகாமில் இருந்துகொண்டு கைநீட்டிக் காசு வாங்கிய எங்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

வைத்தியச் செலவை நெடுங்காலம் சந்தா வாங்கும் சுகவீனச் சங்கங்களே பார்த்தன. 1973 ஏப்ரல் 1இல் அவை மூடப்பட்டு, செலவு வரிப்பணத்துக்கு மாறியது. ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும் பெருகி, ஏராளமான பெண்கள் அரசு வேலைக்குப் போன காலம் அது. வரியும் ஏறியது. எட்டு மாதத்தில், டிசம்பர் 4 தேர்தலில், கிளிஸ்ட்ரூப்பின் புதுக் கட்சி 28 ஆசனங்களைப் பிடித்தது. தான் ஒரு சதம்கூட வரி கட்டுவதில்லை என்று 1971இல் தொலைக்காட்சியில் சொன்ன வழக்கறிஞர் அவர். எங்கள் ஆட்களிலும் சிலருக்கு அவருடைய வரிப்பேச்சு பிடித்திருந்தது, வெளிநாட்டவரைப் பற்றி அவர் பேசியதைக் கேட்கும்வரை.

2007இல் 13 மாவட்டங்கள் போய், 5 பிராந்தியங்கள் வந்தன. ஆஸ்பத்திரி அவற்றின் பொறுப்பு, ஆனால் வரி அறவிடும் உரிமை இல்லை. அடுத்து 16 பெரிய ஆஸ்பத்திரித் திட்டங்கள், ஏறத்தாழ 4,140 கோடி குறோணர். மேற்கு யூலாந்தில் புதிய ஆஸ்பத்திரி எங்கே என்று ஹேர்னிங்கும் ஹொல்ஸ்ரபுரோவும் மோதின. வெளியில் பேசியது அம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பது. உள்ளே, ஊரின் மிகப் பெரிய வேலைத்தலம் யாருக்கு என்பது. ஹேர்னிங்குக்குப் பக்கத்தில் கோட்ஸ்ரூப் தெரிவாகி, 2022இல் திறந்தது.

ஹொல்ஸ்ரபுரோவில் இருக்கும் என் மச்சாள் இன்னும் அதை மன்னிக்கவில்லை. அவவின் மகள் இப்போது கோட்ஸ்ரூப்பில் தாதியாக வேலை செய்கிறா.