வானகத்தில் எழுந்த மாளிகை
தோமையார் வரலாறும் அவரைப் பாடிய பாடல்களும்

சூலை மாதம் மூன்றாம் நாள் தோமையார் திருவிழா முடிந்ததும் பங்கு இளைஞர்கள் சிலர் ஒவ்வோராண்டும் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "தோமையார் இந்தியாவுக்கு வந்ததாக விவிலியத்தில் எங்கே சாமி இருக்கிறது?" எங்கும் இல்லை என்பதே நேர்மையான விடை. யோவான் நற்செய்தியில் அவர் வாய் திறக்கும் இடங்களே மிகச் சில. பெத்தானியாவுக்குப் புறப்பட்ட ஆண்டவரோடு சென்று தாமும் சாகலாம் என்கிறார். போகும் இடமே தெரியாதபோது வழியை எப்படி அறிவது என்று வினவுகிறார். காயங்களைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து உயிர்த்தவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் ஏற்றுப் பணிகிறார். பின்னர், திபேரியக் கடற்கரையிலும் எருசலேமின் மேல்மாடியிலும் அவர் பெயர் மட்டும் வருகிறது. அதன்பின் விவிலியம் மௌனமாகிவிடுகிறது.

அந்த மௌனத்தை நிரப்பியவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர், பாடகர்கள். தோமையாரைப் பற்றித் திருச்சபை காத்து வைத்திருக்கும் நினைவுகளில் பெரும்பகுதி பாட்டாகவோ, பாட்டைத் தன்னுள் பொதிந்த கதையாகவோதான் நம்மிடம் வந்துள்ளது. பாட்டை வரலாறாகக் கொள்ளலாமா? இந்த வினாவைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் பாட்டு சிலவற்றை மிக உண்மையாகக் காக்கிறது. சிலவற்றைப் பாடுவோரின் காலத்திற்கேற்ப மாற்றியும் விடுகிறது. எது எது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் நம்புவதும் தவறு. எல்லாவற்றையும் தள்ளுவதும் தவறு.

முதற்பாடல் எதேசா நகரில் பிறந்தது. இன்றைய துருக்கி நாட்டில் உர்ஃபா என்று வழங்கும் ஊர் அது. ஆண்டவர் பேசிய அரமேயத்தின் கிளைமொழியான சிரியாக் அங்கே வழங்கியது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மொழியில் எழுந்த நூல்தான் 'தோமா பணிகள்'. திருத்தூதர்கள் உலக நாடுகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டபோது தோமையாருக்கு இந்தியா விழுந்ததாகவும், உடல்வலிமை இல்லாத எபிரேயனான நான் இந்தியருக்கு எப்படிப் போதிப்பேன் என்று அவர் மறுத்ததாகவும் நூல் தொடங்குகிறது. ஆண்டவரே அவரை அப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்! போக மாட்டேன் என்றவர் விலைபோன தச்சராகக் கப்பல் ஏறுகிறார். நற்செய்தியில் நாம் கண்ட, எளிதில் இசையாத அதே தோமா இங்கும் தெரிகிறார்.

வழியில் ஓர் அரசன் மகளின் திருமணம். விருந்தில் உண்ணாமல் அமர்ந்திருந்த திருத்தூதர் ஒளியின் மகளான மணமகளைப் பற்றித் தம் தாய்மொழியில் ஒரு பாடல் பாடுகிறார். அங்கிருந்தோருள் அது ஒருத்திக்கு மட்டுமே புரிகிறது: குழல் ஊதப் பணியமர்த்தப்பட்டிருந்த எபிரேயப் பெண்ணுக்கு. அரசனுக்கு இல்லை, விருந்தினருக்கு இல்லை, கூலிக்கு வந்த குழலூதிக்கே அச்செய்தி எட்டியது. சிரியாக் வடிவில் அந்த மணமகள் திருச்சபையே ஆவாள்.

நூலின் உயிர்நாடி இனித்தான் வருகிறது. இந்திய அரசன் கொண்டபோரஸ் தோமையாரிடம் ஒரு மாளிகை கட்டித்தரக் கேட்கிறான். அவர் ஒரு நாணலை எடுத்துத் தரையில் வரைந்து காட்டுகிறார்: கதிரவன் எழும் திசையில் வாயில்கள், மேற்கே சன்னல்கள், தெற்கே அடுமனை, வடக்கே நீர்வழி. குளிர்காலத்தில் வேலையைத் தொடங்குவேன் என்கிறார். எல்லாரும் கோடையில் அன்றோ கட்டுவார்கள் என்று அரசன் வியக்கிறான். பொன்னும் வெள்ளியும் வந்து குவிகின்றன. அவர் ஊர் ஊராகச் சென்று அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கூரை மட்டும்தான் பாக்கி என்று செய்தி அனுப்ப, அதற்கும் பணம் வருகிறது! இறுதியில் அரசன் வந்து விசாரித்தபோது நண்பர்கள் சொன்ன விடை எளிது: அந்த மனிதர் எதையும் கட்டவில்லை, ஏழைகளுக்குக் கொடுக்கிறார், கூலி வாங்காமல் நோய் தீர்க்கிறார், உப்பும் அப்பமும் உண்டு நீர் பருகி ஒற்றை ஆடையோடு திரிகிறார். மாளிகையை இம்மையில் காண முடியாது, மறுமையில் காண்பாய் என்கிறார் தோமையார். சிறைக்கதவு சாத்தப்படுகிறது. அன்றிரவே இறந்துபோன அரசனின் தம்பி காத், வானகத்தில் தன் அண்ணனுக்காக எழுந்து நிற்கும் மாளிகையைக் கண்டு, அதில் ஒரு கீழறையேனும் தனக்குக் கிடைக்காதா என்று வானதூதரைக் கேட்கிறான். உயிர் திரும்பி வந்து, அந்த மாளிகையைத் தனக்கு விற்கும்படி அண்ணனிடம் மன்றாடுகிறான். அப்போதுதான் அரசனுக்குத் தன் உடைமை இன்னதென்று விளங்குகிறது. கோபுர நிதிக்கு ரசீதுப் புத்தகம் அச்சிடும் பங்குத்தந்தை எவருக்கும் இக்கதை சற்றுச் சங்கடமானதுதான்.

திருச்சபை இந்நூலைத் திருமுறையில் சேர்க்கவில்லை. சேர்க்காததற்குக் காரணமும் உண்டு: இல்லறத்தையே துறந்தால்தான் மீட்பு என்பது போன்ற மிகையான துறவு நோக்கு இதில் ஓடுகிறது, அது திருச்சபையின் போதனையன்று. ஆயினும் முழுக் கட்டுக்கதை என்று இதை ஒதுக்கியோருக்கு மண் விடை சொன்னது. கொண்டபோரஸ் என்ற அரசனை இந்நூலையும் இதையொட்டிய மரபையும் தவிர வேறெங்கும் எவரும் அறிந்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில், 1830களில், காபூல் பகுதியில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. பின்னர் பெஷாவருக்கு வடகிழக்கே தக்த்-இ-பாகியில் அவனது 26ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டும் கிடைத்தது, அது கி.பி. 46ஐ ஒட்டியது என்று கணிப்பர். தோமையார் அவன் அவைக்குச் சென்றார் என்பதை நாணயம் மெய்ப்பிக்காது. ஆனால், உலகம் மறந்துபோன ஓர் அரசனின் பெயரையும் ஏறத்தாழ அவன் காலத்தையும் கதை மறக்கவில்லை என்பதை மெய்ப்பிக்கிறது.

இந்நூலில் இன்னொரு பாடலும் உண்டு. சிறையில் உடன் கிடந்த கைதிகளிடையே தோமையார் பாடியதாக வரும் 'முத்துப் பாடல்' அது. கீழைநாட்டு இளவரசன் ஒருவன் பாம்பு காக்கும் முத்தைக் கொண்டுவர எகிப்துக்கு அனுப்பப்படுகிறான். அந்நாட்டு உணவை உண்டு, தான் யார் என்பதையே மறந்து உறங்கிப்போகிறான். தந்தையின் கடிதம் கழுகாய்ப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. நூலைவிடவும் பழைமையானதாக இருக்கக்கூடிய இப்பாடல், 936ஆம் ஆண்டின் சிரியாக் கையெழுத்துப் படி ஒன்றிலும் கிரேக்கப் படி ஒன்றிலும் மட்டுமே தப்பிப் பிழைத்துள்ளது.

எதேசாவின் அடுத்த பாடகர் புனித எப்ரேம். நிசிபிஸ் நகரில் பிறந்த இத்திருத்தொண்டர், 363இல் அந்நகர் பாரசீகர் கைக்குப் போனதும் அகதியாக வெளியேறி எதேசாவுக்கு வந்து, 373இல் அங்கேயே இறந்தார். பர்தைசான் என்பவரின் இனிய பாடல்கள் வழியாகத் தவறான கொள்கைகள் அந்நகரில் பரவியிருந்தன. பாட்டுக்குப் பாட்டாலேயே மறுமொழி தந்தார் எப்ரேம். பெண்களைப் பாடற்குழுவாகப் பயிற்றுவித்துக் கோவிலில் பாடச் செய்தார். இறையியலை ஏட்டில் மட்டும் அல்ல, மக்கள் நாவிலும் வைக்கத் தெரிந்தவர். 1920இல் பதினைந்தாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அவருடைய நிசிபிஸ் பாடல் தொகுப்பில் 42ஆம் பாடலின் தொடக்கத்தில் தோமையாரைப் பற்றிப் பேசுபவன் அலகை. அவன் புலம்புகிறான். திருத்தூதர்களைக் கொன்றால் அவர்களிடமிருந்து தப்பலாம் என்று எண்ணினானாம். இந்தியாவில் அவன் கொல்வித்த தோமாவோ அவனுக்கு முந்தி எதேசாவுக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். அங்கும் அவர், இங்கும் அவர். வணிகன் ஒருவன் சுமந்து வந்த எலும்புகள் அவனை வாட்டுகின்றன. சாவை ஏவியவனே சாவால் ஏமாந்து நிற்கும் இந்த நகைச்சுவை பாஸ்கா மறைபொருளின் நகைச்சுவையேயன்றி வேறன்று.

வரலாற்று நோக்கில் இப்பாடலின் மதிப்பு பெரிது. திருத்தூதரின் திருப்பண்டத்தை வைத்திருக்கும் நகரம், அவர் எங்களிடமே வாழ்ந்து எங்களிடமே இறந்தார் என்று பாடத்தான் ஆசைப்படும். எதேசா அவ்வாறு பாடவில்லை. கல்லறையைப் பெருமையோடு காட்டிய அதே வாயால், அவர் இந்தியாவில் கொல்லப்பட்டார் என்று பாடியது. எப்ரேம் இறந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 384இல், எஜேரியா என்ற பெண் திருப்பயணி அந்தக் கல்லறைக் கோவிலில் செபித்துவிட்டு, தம் சகோதரியருக்கு அதைப் பற்றி எழுதினார். தனக்குப் பெருமை தராத ஒன்றை ஒருவன் சொன்னால் அதை நம்புவது எளிது; நகரத்துக்கும் இது பொருந்தும்.

எந்த இந்தியா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அக்காலத்தார் அச்சொல்லை மிக விரிந்த பொருளில் வழங்கினர். கொண்டபோரஸ் ஆண்டது வடமேற்கை. ஆனால், யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறித் துறையை நம் அகநானூறே அறியும். முதல் நூற்றாண்டில் கப்பலேறிய ஒருவர் அத்துறையில் இறங்குவது அரிதான செயலன்று. அந்தக் கரையில்தான் மூன்றாவது பாடல் மரபு பிறந்தது.

கேரளத்துத் தோமாக் கிறிஸ்தவர்களிடம் 'மார்க்கம் களி' என்னும் ஆடற்பாட்டு உண்டு. நடுவே எரியும் குத்துவிளக்கு கிறிஸ்து. சுற்றி ஆடும் பன்னிருவர் சீடர்கள். மார்க்கம் என்றால் வழி. முதற் சீடர்கள் தங்கள் சமயத்தை 'வழி' என்றே அழைத்தனர். வழி எது என்று ஆண்டவரைக் கேட்டவரும் தோமாதான். இப்பாட்டுகளை 1910இல் பி. யு. லூக்காஸ் தொகுத்து அச்சேற்றினார். இவற்றோடு 'ரம்பான் பாட்டு' என்றொரு நெடும்பாட்டும், கிறிஸ்தவரல்லாத வீரடியான்கள் கிறிஸ்தவர் வீட்டு விழாக்களில் பாடிவந்த பாட்டும் உண்டு. அயலார் நம் திருத்தூதரைப் பாடினர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை.

மார்க்கம் களிப் பாட்டில் வருவது எந்தக் கதை? மாளிகைக் கதைதான்! அரசன் மட்டும் மாறிவிட்டான். கொண்டபோரஸ் இருந்த இடத்தில் சோழ மன்னன் வீற்றிருக்கிறான். மாளிகை எழ வேண்டிய இடம் மயிலாப்பூர்ப் பக்கம். வணிகன் இருக்கிறான், ஏழைகளுக்குப் பணம் போகிறது, சிறை இருக்கிறது, இறந்த தம்பி வானகத்து வீட்டைக் காண்கிறான். பாடுவோர் தாம் அறிந்த பேரரசனின் பெயரை இட்டுக்கொண்டனர். அரசன் பெயரைப் பாட்டு விட்டுக்கொடுத்தது. ஏழைக்குக் கொடுத்ததே வானகத்து வீடு என்ற போதனையை நூற்றாண்டுகள் பல கடந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

ரம்பான் பாட்டு தன்னை 1601ஆம் ஆண்டில் நிரணத்தைச் சேர்ந்த தோமா ரம்பான் பழைய மரபிலிருந்து சுருக்கிப் பாடியதாகக் கூறிக்கொள்கிறது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1599இல், உதயம்பேரூர்ச் சங்கத்தில் பேராயர் மெனேசிஸ் சிரியாக் ஏடுகள் பலவற்றைத் தீயிடப் பணித்திருந்தார். இது நம் திருச்சபை வரலாற்றின் வருந்தத்தக்க ஓர் ஏடு. ஏடுகள் எரிந்த காலத்தில் பாட்டு வாய்வழியே தப்பியது. எனினும், இப்பாட்டு மனம் திரும்பியோரைச் சாதிவாரியாகப் பிரித்து ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை சொல்லும்போது, அது முதல் நூற்றாண்டின் குரலன்று, பாடியவர் வாழ்ந்த சமூகத்தின் குரல் என்றே நான் கொள்கிறேன். குருதிப் பெருமைக்குத் திருத்தூதரைச் சான்றுக்கு அழைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

இதைவிட முக்கியமானது அவருடைய இறப்பு. காளி கோவிலுக்குச் சென்றுகொண்டிருந்த பார்ப்பனர்கள் அவரை மலையில் ஈட்டியால் குத்தினர் என்கிறது ரம்பான் பாட்டு. நம் பங்குகளில் திருவிழா இரவில் நடிக்கப்படும் நாடகங்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. பூணூல் அணிந்த கொடியவன் ஒருவன் உருட்டி விழித்தபடி மேடையேற, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அடுத்த தெருவில் வாழும் அயலாரை அக்கூட்டம் மறுநாள் எந்தக் கண்ணோடு பார்க்கும்? 'தோமா பணிகள்' நூலிலோ அப்படி ஒரு காட்சியே இல்லை. அங்கே கொலைக்கு ஆணையிடுபவன் மஸ்தாய் என்னும் அரசன். தன் அரசியே திருத்தூதரின் போதனையைக் கேட்டுத் தன்னை விட்டு விலகினாள் என்பது அவன் சினம். மக்கள் கிளர்ச்சிக்கு அஞ்சி, நகருக்கு வெளியே மலைக்கு அவரைக் கொண்டுபோகச் செய்கிறான். நான்கு படைவீரர்கள் ஈட்டியால் குத்துகின்றனர். எந்தச் சாதிக்கும் எந்தச் சமயத்தாருக்கும் அங்கே பழி இல்லை. ரம்பான் பாட்டினும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் மூத்த சான்று அது.

அந்நூல் கொலையோடு முடியவும் இல்லை. நெடுநாள் கழித்து மஸ்தாயின் மகன் நோயுறுகிறான். திருத்தூதரின் எலும்பொன்றை எடுத்து மகன்மேல் வைத்தால் நலமடைவான் என்று எண்ணி அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்புகள் இல்லை; உடன்பிறப்பு ஒருவர் அவற்றை முன்னமே மேற்கே கொண்டு சென்றுவிட்டார். அரசன் எலும்புகள் கிடந்த இடத்து மண்ணை எடுத்துப் பிள்ளைக்கு இடுகிறான், பிள்ளை பிழைக்கிறான். ஆயிரம் ஆண்டுகள் கழிந்து 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையார் உயிர்நீத்த இடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுத்ததை எழுதி வைத்தார்.

மகனோடு நம்பிக்கையாளர்களிடம் வந்த மஸ்தாய், குருவாகிய சிபோரின் முன் தலைகுனிந்து, தனக்காகச் செபிக்குமாறு அங்குள்ள சகோதரர் அனைவரையும் வேண்டுகிறான், அவர்களும் செபிக்கின்றனர். தோமையார் நாடகம் எத்தனையோ பார்த்துவிட்டேன்; இந்தக் காட்சியை எவரும் நடித்து நான் பார்த்ததில்லை. அடுத்த சூலைக்குப் புதிய நாடகம் எழுதித் தரக் கேட்டிருக்கும் எங்கள் இளைஞர்களிடம் இதைத்தான் கொடுத்திருக்கிறேன். மஸ்தாய் வேடத்திற்கு இப்போதே போட்டி.